சுகரைக் கட்டுக்குள் வைத்தால் எவ்வளவு மிச்சம்? ஒரு வேலூர்க் கணக்கு

சுகருக்கு மாதம் எவ்வளவு செலவாகிறது என்று வேலூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் மருந்துக் கடை பில்லைத்தான் சொல்வார்கள். முந்நூறு என்பார்கள், ஐந்நூறு என்பார்கள், இன்சுலின் போடுகிறவர் என்றால் இன்னும் கூடச் சொல்வார். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குகிறவரைக் கேட்டால் "நமக்கு ஒண்ணும் செலவில்ல" என்று பதில் வரும். இந்தப் பதில்கள் எல்லாமே பாதிக் கணக்குதான். சுகர் நோயில் இருப்பதிலேயே மலிவான சமாச்சாரம் மாத்திரைதான். பெரிய செலவெல்லாம் பில் போடாமல் வருகிறது. வேலைக்குப் போகாத நாள், போயும் பாதி வேலை ஓடாத நாள், துணைக்கு வந்த மகனின் கூலி, அடகுக் கடைக்குப் போன நகை, அதற்குக் கட்டுகிற வட்டி என்று அது நீளும்.

சுகரை ஒழுங்காகக் கவனித்தால் உடம்புக்கு நல்லது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிட்டு, பணம் எந்த வழியாகப் போகிறது, எந்தச் செலவை இன்று செய்தால் நாளைக்கு எந்தச் செலவு வராமல் போகும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

இது எத்தனை பேருடைய கணக்கு என்பதற்கு ஓர் அளவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு நாடு முழுக்க நடந்த கணக்கெடுப்பு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு சுகர் இருக்கிறது, பெரியவர்களில் 11.4 சதவீதம். இன்னும் 13.6 கோடிப் பேர் "பார்டர்ல இருக்கு" என்று டாக்டர் சொல்கிற நிலையில் இருக்கிறார்கள். முன்பு வட ஆற்காடாக இருந்து, பிறகு வேலூர் மாவட்டமாகி, 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்த நம் பகுதியில் இது பணக்கார வியாதி என்ற பேச்சு எப்போதோ போய்விட்டது. தோல் பதனிடும் இடத்தில் மூட்டை தூக்குகிறவருக்கும் இருக்கிறது, பீடி சுற்றுகிறவருக்கும் இருக்கிறது.

கையிலிருந்து போவது

ஒரு நோயின் செலவைப் பொருளாதாரம் படித்தவர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள். நோய்க்காக நாம் எடுத்துக் கொடுக்கிற பணம் நேரடிச் செலவு. டாக்டர் ஃபீஸ், லேப், மாத்திரை, பெட் சார்ஜ், பஸ், ஆட்டோ எல்லாம் இதில் அடங்கும். நோயால் சம்பாதிக்க முடியாமல் போன பணம் மறைமுகச் செலவு. வலி, பயம், வீட்டில் நடக்கிற சண்டை என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அதற்கு விலை போட்டுப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள், நாம் அதற்குள் போக வேண்டாம்.

நேரடிச் செலவில் நல்ல செய்தி என்னவென்றால், மாத்திரை விலை சில ஆண்டுகளாக இறங்கிக்கொண்டே வருகிறது. முதல் மாத்திரையாக டாக்டர்கள் எழுதுகிற மெட்ஃபார்மின் எப்போதுமே மலிவு. சிட்டாகிளிப்டின் என்ற சுகர் மாத்திரையின் காப்புரிமை 2022-ல் முடிந்ததும், அதே ஆண்டு மக்கள் மருந்தகங்களில் 50 மில்லிகிராம் மாத்திரை பத்து கொண்ட பட்டை 60 ரூபாய்க்கு வந்தது. எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை ஒன்றுக்கு 60 ரூபாய் வரை கொடுத்துக்கொண்டிருந்தோம். 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்தவுடன் பல கம்பெனிகள் இறங்கின, பத்து ரூபாய்க்கும் கீழே கிடைக்க ஆரம்பித்தது. இதய பாதிப்பும் கிட்னி பாதிப்பும் உள்ளவர்களுக்கு இது முக்கியமான மருந்து. பழைய சீட்டையே காட்டி பழைய பிராண்டையே வாங்கிக்கொண்டிருக்கிறவர்கள், இதே மருந்து விலை குறைந்த கம்பெனியில் இருக்கிறதா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், மாத பில் மாறிவிடும்.

கெட்ட செய்தி, சிக்கல் வந்த பிறகு ஆகிற செலவு. சென்னை ராயபுரத்தில் உள்ள நீரிழிவு மருத்துவமனை ஒன்றின் ஆய்வாளர்கள் 2013-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததற்கு நோயாளிகள் எவ்வளவு செலவழித்தார்கள் என்பதுதான் கேள்வி. சிக்கல் எதுவும் இல்லாதவருக்கு நடுத்தரமாக 4,493 ரூபாய். கண் பாதித்தவருக்கு 13,922. கிட்னி பாதித்தவருக்கு 12,690. கால் புண் வந்தவருக்கு 19,020, அதாவது நான்கு மடங்குக்கும் மேல். இவை பழைய விலைகள், இன்றைக்கு ரூபாய் எல்லாம் ஏறியிருக்கும். கவனிக்க வேண்டியது அந்த மடங்கைத்தான். கிட்னியைவிட காலுக்கு அதிகம் செலவாகிறது என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

இந்தப் பாரம் எல்லோர் தோளிலும் ஒரே மாதிரி விழுவதில்லை. 2007-ல் வெளியான இன்னொரு ஆய்வில், நகரத்து ஏழைக் குடும்பங்கள் தங்கள் ஆண்டு வருமானத்தில் 34 சதவீதத்தையும், கிராமத்து ஏழைக் குடும்பங்கள் 27 சதவீதத்தையும் சுகர் வைத்தியத்துக்குக் கொடுத்தது தெரிந்தது. மூன்றில் ஒரு பங்கு. வாடகை கொடுத்து, அரிசி வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்த பிறகு இந்தப் பணம் எங்கிருந்து வரும்? சேமிப்பு போகும், அப்புறம் நகை போகும், அதற்கப்புறம் மகளிர் குழுவில் லோன்.

கூலியில் கழிவது

குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர் ஓரங்களில் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். இலையை அளவாக வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடித்துவிட வேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. மாதச் சம்பளக்காரருக்குச் சுகரால் வேலை குறைந்தால் அது உடனே தெரியாது, சம்பளம் வந்துவிடும். இங்கே அன்றைக்கு சாயந்திரமே தெரிந்துவிடும்.

சுகர் நீண்ட நாள் கட்டுக்குள் இல்லாதவருக்கு விரல் ஒன்று மடங்கி அப்படியே மாட்டிக்கொள்வதும், தோள்பட்டை இறுகிப் போவதும் மற்றவர்களைவிட அதிகமாக வரும். விரல் நுனி மரத்துப்போகலாம், கண் மங்கலாம். இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்தவருக்குப் பகலில் தூக்கம் தள்ளும். ஆயிரம் சுற்றிக்கொண்டிருந்தவர் எழுநூறில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை, லீவும் போடவில்லை, எந்த பில்லும் கட்டவில்லை. ஆனால் தினக்கூலியில் பத்துக்கு மூன்று பங்கு போய்விட்டது. வேலை செய்துகொண்டே இழக்கிற இந்தப் பணம் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. "வயசாயிடுச்சு, முன்ன மாதிரி முடியல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நாற்பத்தைந்து வயதில் சொல்வார்கள்.

கிட்னி போனால் கணக்கு இன்னும் கடுமை. கிட்னி செயலிழப்பதற்கு இந்தியாவில் முதல் காரணமே சுகர்தான். பலருக்கு டயாலிசிஸ் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். போக வர நேரத்தையும் சேர்த்தால் அந்த நாள் போச்சு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் வருகிறது, அரசு மருத்துவமனையில் கட்டணமில்லாமல் நடக்கிறது. அப்படியானால் செலவு பூஜ்யமா? வாரம் மூன்று நாள், 52 வாரம், ஆண்டுக்கு 156 நாள். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கு அறிவித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். அந்தக் குறைந்த கூலியை வைத்துப் பார்த்தாலும் ஆண்டுக்கு 52,416 ரூபாய் போகிறது. தனியாகப் போய்வர முடியாமல் வீட்டிலிருந்து இன்னொருவர் கூட வந்தால் 1,04,832. பேரணாம்பட்டிலிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாறி வருகிறவரின் டிக்கெட்டும் டீயும் இதில் சேர்க்கப்படவில்லை. மேஸ்திரி, டிரைவர், ஷூ கம்பெனி கட்டிங் மாஸ்டர் என்றால் அவரவர் கூலியைப் போட்டுப் பெருக்கிக்கொள்ளலாம்.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று அறுவைச் சிகிச்சை 1971-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் நடந்தது. வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து காட்பாடியில் இறங்கி வருகிறார்கள். பக்கத்திலேயே இருக்கிற நாமோ, விரல் கறுத்த பிறகு ஷேர் ஆட்டோ பிடிக்கிறோம்.

இன்று கொடுத்து பத்து வருஷம் கழித்து வாங்குவது

சரி, சுகரைக் கட்டுப்படுத்தினால் இதெல்லாம் நிஜமாகவே குறையுமா? இதற்குப் பதில் சொன்ன பெரிய ஆய்வு இங்கிலாந்தில் நடந்தது. 1977-ல் ஆரம்பித்து, புதிதாகச் சுகர் கண்டுபிடிக்கப்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முடிவு 1998-ல் வந்தது. ஒரு குழுவுக்கு ரத்தத்தில் சுகரின் மூன்று மாத சராசரி 7.9 இருந்தது, இன்னொரு குழுவுக்கு 7.0. வித்தியாசம் ஒன்றுகூட இல்லை. ஆனால் கண், கிட்னி மாதிரி சிறு ரத்தக் குழாய்கள் சார்ந்த சிக்கல்கள் இரண்டாவது குழுவில் 25 சதவீதம் குறைந்தன.

இந்த மூன்று மாத சராசரியைத்தான் லேப் ரிப்போர்ட்டில் எச்.பி.ஏ.1.சி. என்று போட்டிருப்பார்கள். காலையில் வெறும் வயிற்றில் குத்திப் பார்ப்பது இன்றைய கல்லாவை எண்ணுகிற மாதிரி, இது மூன்று மாத வரவு செலவைப் பார்க்கிற மாதிரி. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன்னால் இரண்டு நாள் இனிப்பை நிறுத்திவிட்டு ஃபாஸ்டிங்கில் நல்ல நம்பர் காட்டலாம், இதில் அது நடக்காது. 6.5-ம் அதற்கு மேலும் சுகர். பெரும்பாலானவர்களுக்கு ஏழுக்குக் கீழே வைத்திருப்பது இலக்கு.

அதே ஆய்வின் தொடர்ச்சி 2008-ல் வந்தது. ஆய்வு முடிந்து ஒரே வருஷத்தில் இரண்டு குழுவுக்கும் சுகர் அளவு ஒன்றாகிவிட்டது. ஆனாலும் ஆரம்பத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பத்து வருஷம் கழித்தும் சிக்கல் குறைவாகவே இருந்தது. பணக் கண்ணோடு பார்த்தால் இதன் அர்த்தம் பெரியது. நோய் தெரிந்த முதல் சில ஆண்டுகளில் செலவு பண்ணுகிற ரூபாய்க்குத்தான் அதிக மதிப்பு. நம் ஊரில் நடப்பது நேர் தலைகீழ். ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது, வலி இல்லை, அதனால் மாத்திரையை விட்டுவிட்டு ஆவாரம்பூ கஷாயம் குடித்துப் பார்க்கிறோம். கால் போகிற நேரத்தில் நிலத்தை விற்றுச் செலவு செய்கிறோம்.

"சும்மா சும்மா மாத்திர தின்னா கிட்னி பூடும்" என்ற பேச்சு நம் பக்கம் ரொம்ப ஆழமாக இருக்கிறது. கிட்னியைக் கெடுப்பது கட்டுக்குள் வராத சுகரும் பி.பி.யும். அதைத் தடுக்கத்தான் மாத்திரை. கிட்னி ஏற்கெனவே கெட்டிருந்தால் சில மாத்திரைகளின் அளவை டாக்டர் குறைப்பார் அல்லது மாற்றுவார். அதைப் பார்த்துவிட்டு மாத்திரைதான் கெடுத்தது என்று முடிவுக்கு வந்துவிடுகிறோம். இந்த ஒரு நம்பிக்கையால் போன பணத்தைக் கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

எதற்குக் கொடுத்தால் பணம் திரும்பி வரும்

இந்த விஷயத்தில் புதிதாகப் படிக்கிறவர்கள் குழம்புகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒரு சிகிச்சைக்கு நூறு ரூபாய் செலவழித்து, பின்னால் வரவேண்டிய இருநூறு ரூபாய் செலவு தவிர்ந்தால் அது பணத்தை மிச்சம் பிடிக்கிற சிகிச்சை. நூறு ரூபாய் செலவழித்து அறுபது ரூபாய்தான் தவிர்ந்தது, ஆனால் இரண்டு வருஷ நல்ல வாழ்க்கை கூடக் கிடைத்தது என்றால், அதில் பணம் மிச்சமில்லை. இருந்தாலும் கொடுத்த காசுக்குத் தகுந்த பலன். இரண்டும் வேறு வேறு. எல்லாச் சுகர் வைத்தியமும் பணத்தை மிச்சம் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் 2002-ல் வெளியான ஒரு கணக்கு இதைத் தெளிவாகக் காட்டியது. சுகர் நோயாளிகளுக்குச் சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்துவதும் கொழுப்பைக் குறைப்பதும் பலனுள்ளவை, ஆனால் அந்த ஊர் விலையில் பணம் கூடுதலாகச் செலவாகும். பி.பி.யைக் கட்டுப்படுத்துவது மட்டும் போட்ட காசைவிட அதிகம் மிச்சம் பிடித்தது. உலக வங்கியும் உலக சுகாதார நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து வளரும் நாடுகளுக்காக 2006-ல் வெளியிட்ட தொகுப்பில் மூன்று காரியங்கள் பணத்தை மிச்சம் பிடிப்பவை என்று சொன்னார்கள். மூன்று மாத சராசரி ஒன்பதுக்கு மேலே இருப்பவர்களுக்கு அதைக் கீழே கொண்டுவருவது ஒன்று. அதிகமாக இருக்கிற பி.பி.யைக் குறைப்பது இன்னொன்று. புண் வரும் ஆபத்துள்ள கால்களைப் பார்த்துக்கொள்வது மூன்றாவது.

மூன்றுமே ஆடம்பரமானவை அல்ல. சுகர் பதினொன்றில் இருப்பவரை எட்டுக்கு இறக்குவது, ஏழில் இருப்பவரை ஆறரைக்கு இறக்குவதைவிட மலிவு, பலனும் அதிகம். பி.பி. மாத்திரை விலை அற்பம். அந்த இங்கிலாந்து ஆய்விலேயே பி.பி.யை இறுக்கமாக வைத்திருந்தவர்களுக்குப் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. பக்கவாதம் வந்தால் படுத்தவர் ஒருவர், பார்த்துக்கொள்கிறவர் ஒருவர், இரண்டு பேரின் சம்பாத்தியம் நின்றுவிடும். சுகர் இருப்பவர் பி.பி.யை அலட்சியம் செய்வதுதான், என் பார்வையில், நம் ஊரில் நடக்கிற மிகப் பெரிய பண விரயம்.

காலும் கரிகிரியும்

மூன்றாவது காரியமான கால், வேலூருக்கே சொந்தமான கதை. பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவைச் சிகிச்சை மருத்துவர் 1946-ல் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் ஏன் அழிகின்றன என்று பார்த்தார். நோயால் சதை தானாக அழுகி உதிர்கிறது என்று அப்போது நினைத்தார்கள். அவரும் அவரோடு இருந்தவர்களும் கண்டது வேறு. உணர்ச்சி போய்விட்டதால் குத்துவதும் சுடுவதும் தெரியவில்லை, புண்ணோடேயே நடக்கிறார்கள், புண் எலும்பு வரைக்கும் போகிறது. வலி இல்லாததுதான் ஆபத்து. காட்பாடிக்கு அருகே கரிகிரியில் 1955-ல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மையத்தில் இந்த அறிவு வளர்ந்தது. பாதத்தின் ஒரே இடத்தில் எடை அழுந்தாமல் பரப்பிவிடுகிற மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு இந்த வட்டாரத்தில் பழக்கத்துக்கு வந்தது அப்படித்தான். பிராண்ட் 1966-ல் அமெரிக்கா போனார். அங்கே சுகர் நோயாளிகளின் கால் புண்ணுக்கும் இதே பாடம் பயன்பட்டது.

ஏனென்றால் நோய் வேறானாலும் சுகரும் காலின் நரம்பை மரத்துப்போகச் செய்கிறது. செருப்புக்குள் ஒரு சின்ன ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். காலையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர் இரவு கழற்றும்போது சாக்ஸிலோ தரையிலோ ரத்தக் கறையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். சில பேர் அதையும் பார்ப்பதில்லை. ஒரு வாரம் கழித்து நாற்றம் வந்த பிறகு வீட்டில் யாராவது சொல்வார்கள். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. முதலில் விரல், பிறகு பாதி பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழே. ஒவ்வொரு முறையும் ஒரு அட்மிஷன், மாதக் கணக்கில் கட்டு. ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் நின்றுகொண்டு செய்கிற வேலைக்கு அவர் திரும்பிப் போக முடியாது. கால் சிக்கல்தான் எல்லாவற்றையும்விட அதிகச் செலவு என்று அந்த ராயபுரம் கணக்கு சொன்னதற்குக் காரணம் இந்த நீளம்தான்.

இதைத் தடுக்கிற செலவைப் பாருங்கள். தடித்த நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் சில இடங்களில் தொட்டு "தெரியுதா, தெரியலையா" என்று கேட்பார்கள். ஓரிரு நிமிஷ வேலை, உணர்ச்சி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும். தமிழக அரசும் "பாதம் பாதுகாப்போம்" என்ற பெயரில் இதற்கென்று திட்டம் வைத்திருக்கிறது. உணர்ச்சி குறைந்திருந்தால் எம்.சி.ஆர். செருப்பு, அது அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் ஒரு செலவே இல்லை. வீட்டில் செய்ய வேண்டியது, தினம் சாயந்திரம் கால் கழுவித் துடைத்து, விரல் இடுக்கையும் அடிப்பாதத்தையும் பார்ப்பது. குனிய முடியாதவர் தரையில் ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், இல்லாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். செருப்பைப் போடும் முன் தட்டி உதறிவிட்டுப் போட வேண்டும். பால்காரர் வந்தார் என்று வாசல் வரைக்கும் வெறுங்காலோடு போவதும் கூடாது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், சில பேருக்குக் கசக்கும். வேலூரிலிருந்து பௌர்ணமிக்குப் பஸ் பஸ்ஸாகத் திருவண்ணாமலைக்குப் போகிறோம். கிரிவலம் 14 கிலோமீட்டர், வெறுங்கால். கால் மரத்துப்போன சுகர் நோயாளி அப்படி நடந்தால் வழியில் கொப்புளம் வந்ததோ கல் கிழித்ததோ அவருக்குத் தெரியாது. திரௌபதி அம்மன் கோவில் தீமிதியும் அப்படித்தான். வேண்டுதல் அவரவர் நம்பிக்கை. ஆனால் நைலான் இழை சோதனையில் உணர்ச்சி இல்லை என்று சொல்லப்பட்டவர் அந்த வேண்டுதலை வேறு விதமாக நிறைவேற்றிக்கொள்வது நல்லது.

வீணாகப் போவது

கட்டுப்பாடு என்ற பெயரில் காசு கரைகிற இடங்களும் இருக்கின்றன. சுகர் ஃப்ரீ பிஸ்கட், டயட் மாவு, டப்பாவில் வருகிற சத்து பானம், யூடியூபில் பார்த்து வாங்குகிற பொடி எல்லாம் சேர்ந்து மாதம் ஆயிரத்தைத் தாண்டும் வீடுகளில், மூன்று மாத டெஸ்ட்டுக்கு மட்டும் காசு இருக்காது. சர்க்கரை சேர்க்காத பிஸ்கட்டும் மைதாதான். கேழ்வரகுக் களியை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நம் பக்கம் ஒரு நினைப்பு உண்டு. களியும் மாவுச்சத்துதான், இரண்டு உருண்டை உள்ளே போனால் சுகர் ஏறும். ஓர் உருண்டையோடு நிறுத்தி, கூடவே கீரைக் கடைசலோ இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க் குழம்போ தாராளமாகச் சேர்த்துக்கொண்டால் செலவும் குறைவு, நம்பரும் நன்றாக இருக்கும். ஆற்காடு மக்கன் பேடாவைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

இன்சுலின் போடுகிறவருக்கு வீட்டில் குத்திப் பார்க்கிற மெஷினும் ஸ்டிரிப்பும் அவசியம். மாத்திரையில் மட்டும் இருந்து, நம்பர் நிலையாக இருப்பவர் தினமும் ஸ்டிரிப் வாங்கிக் குத்திக்கொள்வதால் பெரிய பலன் இல்லை. அந்தக் காசில் வருஷம் ஒரு முறை கண்ணின் பின்புறத்தைப் பார்க்கிற சோதனையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்கிற சோதனையும் செய்துகொள்ளலாம். இரண்டு சிக்கலும் வலியில்லாமல் ஆரம்பிப்பவை, சீக்கிரம் பார்த்தால் மலிவாக நிறுத்தக் கூடியவை. குடியாத்தத்தில் தறியில் உட்காருகிறவருக்குக் கண் போனால் அறுந்த இழையை எடுத்து முடிய முடியாது.

மிச்சம் யாருக்கு

மாத்திரைக்கும் சோதனைக்கும் இன்று பணம் கொடுப்பவர் ஒருவர், பத்து வருஷம் கழித்து மிச்சம் பெறுபவர் வேறொருவர் என்பதுதான் இந்தக் கணக்கில் உள்ள சிக்கல். தினக்கூலிக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரை இலவசம், ஆனால் அன்றைய கூலி போய்விடும். மாதா மாதம் ஒரு நாள் என்றாலும் ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாள் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று திட்டுவது சுலபம். இந்த மாதம் கையில் இருக்கிற 336 ரூபாயா, பத்து வருஷம் கழித்து வராமல் போகிற டயாலிசிஸா என்று கேட்டால், வாடகை பாக்கி உள்ளவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசின் திட்டம் இந்த இடத்தில்தான் கை வைத்தது. சுகர், பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அரசு கொடுக்கிற மாத்திரை முன்பும் இலவசம்தான். புதிதாக மிச்சமானது நடையும் கூலியும். கே.வி. குப்பத்தில் 1977-லிருந்து சி.எம்.சி.யின் ருஹ்சா மையம் கிராமத்துப் பக்கமே போய் வைத்தியம் பார்த்து வருவதிலும் இந்த நியாயம் இருக்கிறது.

கம்பெனி முதலாளிகளுக்கும் இதில் கணக்கு இருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளி நோயால் விடுப்பு எடுத்தால், தகுதி இருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். மீதி 30 சதவீதம் தொழிலாளியின் நஷ்டம், பழகின கை இல்லாமல் லைன் தடுமாறுவது கம்பெனியின் நஷ்டம். கம்பெனிக்குள்ளேயே மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஷிஃப்ட் நேரத்தில் சுகரும் பி.பி.யும் பார்க்க ஏற்பாடு செய்தால் ஆகும் செலவு இதைவிடக் குறைவுதான். வீட்டில் பீடியும் ஊதுவத்தியும் சுற்றுகிற பெண்களுக்கு அப்படி ஒரு முதலாளியும் இல்லை, லீவும் இல்லை. வீட்டுக்கு வருகிற மாத்திரை அவர்களுக்குத்தான் அதிகம் உதவுகிறது.

பார்டரில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், சாப்பாட்டு மாற்றமும் நடையும் சுகர் முழுசாக வருவதை மூன்று ஆண்டுகளில் 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறக்குறைய அதே அளவு குறைத்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தாலும் பலன் கூடவில்லை. ஆகவே நடக்க முடிகிறவருக்கு இது காசில்லாத வழி. கோட்டை அகழியைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்கள் செய்வது இதைத்தான்.

கடைசியாக, நம்பர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு லாபம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வில், இதய ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மூன்று மாத சராசரியை ஆறுக்குக் கீழே கொண்டுவர மருந்துகளை ஏற்றிக்கொண்டே போனார்கள். அந்தக் குழுவில் இறப்பு கூடியதால் 2008-ல் அப்படி ஏற்றுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. நம் வீடுகளில் இது வேறு உருவத்தில் வருகிறது. எழுபது வயதுப் பாட்டி காலையில் சுகரை இறக்குகிற கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டு, கிருத்திகை விரதம் என்று சாப்பிடாமல் இருப்பார். பகல் பதினொரு மணிக்கு வியர்த்துக் கொட்டி மயங்கி விழுவார். லோ சுகர். ஆம்புலன்ஸ், எமர்ஜென்சி, விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தால் அறுவைச் சிகிச்சையும் சேரும். வயதானவர்களுக்கு எட்டு வரைகூட இருக்கலாம் என்று டாக்டர்கள் இலக்கைத் தளர்த்துவது இதனால்தான். வீட்டில் வயதானவர் இருந்தால், விரத நாளில் எந்த மாத்திரையைப் போட வேண்டும், எதை விட வேண்டும் என்று அடுத்த முறை போகும்போது கேட்டு, அதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.